டென்னியலின் கடிதமும் 2000 பிரதிகளும்

கேள்வி: ஓவியர் குறை சொன்னார் என்பதற்காக அச்சாகிவிட்ட புத்தகத்தைப் பதிப்பாளர் நிறுத்துவாரா?

பதில்: வழக்கமாக நிறுத்தமாட்டார். ஆனால் ‘அற்புத உலகில் ஆலிஸ்’ நூலுக்கு ஓவியரின் ஊதியம் முதல் அச்சுக்கூலி வரை எல்லாச் செலவையும் அதை எழுதிய லூயிஸ் கேரலே ஏற்றிருந்தார். லண்டன் மேக்மில்லன் நிறுவனம் கமிஷன் பெற்றுக்கொண்டு விற்றுக்கொடுத்தது, அவ்வளவுதான். எனவே 1865 ஜூலையில், முதலில் அச்சான 2000 பிரதிகளில் படங்கள் வந்த விதம் திருப்தியாக இல்லை என்று ஓவியர் ஜான் டென்னியல் எழுதியபோது, முடிவெடுக்கும் பொறுப்பு பணம் போட்டவரிடமே வந்து சேர்ந்தது. ஆகஸ்ட் 2 அன்று கேரல் மறு அச்சுக்குத் துணிந்து, மேக்மில்லனுக்கும் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகத்தாருக்கும் டென்னியலுக்கும் தனித்தனியே எழுதினார்.

கேள்வி: மொத்தச் செலவு எவ்வளவு?

பதில்: அன்றைய நாட்குறிப்பிலேயே கேரல் கணக்குப் போட்டிருக்கிறார்: படம் வரைய 138 பவுண்டு, கட்டை செதுக்க 142, மறு அச்சுக்கு 240, நூல் கட்டுவதற்கும் விளம்பரத்துக்கும் ஏறத்தாழ 80, ஆக 600 பவுண்டு. கணித ஆசிரியர் அல்லவா, கூட்டலில் பிசகில்லை! ஓவியருக்குக் கொடுத்ததைவிடச் செதுக்கியவர்களுக்குக் கொடுத்தது அதிகம் என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன். டென்னியல் வரைந்ததைப் புடைப்புக் கோடுகளாகக் கட்டையில் செதுக்கியவர்கள் டால்ஸியல் சகோதரர்கள். அந்தக் கோடுகளில் மை மிகுந்தால் இடைவெளி அடைபட்டுப் படம் கறுத்துவிடும், குறைந்தால் வெளிறிவிடும் என்பதால், இருவர் உழைப்பும் கடைசியில் அச்சுக்காரரின் கையில்தான் இருந்தது.

கேள்வி: அந்த 2000 பிரதிகளும் பழைய காகிதமாகப் போயினவா?

பதில்: அப்படித்தான் கேரல் எண்ணியிருந்தார். ஆனால் கட்டப்படாத தாள்களை நியூயார்க்கின் ஆப்பிள்டன் நிறுவனம் வாங்கி, 1866 என்ற ஆண்டுடன் புதிய தலைப்புப் பக்கம் வைத்து விற்றது. அன்பளிப்பாகக் கொடுத்தவற்றைக் கேரல் திரும்பக் கேட்டு வாங்கி, பலவற்றை மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்.

கேள்வி: கதையிலும் டென்னியல் தலையிட்டாரா?

பதில்: தலையிட்டார். ஆலிஸின் இரண்டாம் நூலில் பொய்முடி அணிந்த குளவி ஒன்று வரும் பகுதி இருந்தது. 1870 ஜூன் 1 அன்று கேரலுக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் குளவி தமக்குச் சிறிதும் சுவைக்கவில்லை, அதற்குப் படம் போட வழியும் தெரியவில்லை என்று டென்னியல் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். பகுதி நீங்கியது, அதன் மெய்ப்புத் தாள்கள் 1974-இல்தான் லண்டன் ஏலத்தில் வெளிப்பட்டன. படித்துப் பார்த்தேன், டென்னியல் பக்கமே நிற்கிறேன்.