நாயின் சிறுநீரில் ரத்தம் வந்தால் என்ன செய்வது?

நாய் சிறுநீர் கழித்த இடம் சிவப்பாக இருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் சாப்பிடுகிறது. காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், ஓரிரு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். முக்கி முக்கி நின்றும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் கல் அடைத்திருக்கலாம். அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பெரும்பாலும் காரணம் சிறுநீர்ப்பையில் கிருமித் தொற்று அல்லது கல். கருத்தடை செய்யாத ஆண் நாய்க்குப் புராஸ்டேட் (சிறுநீர்ப்பையை ஒட்டிய சுரப்பி) வீக்கமாகவும் இருக்கலாம். பெட்டை நாய் என்றால் பருவத்துக்கு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்போது வரும் ரத்தத்தைப் பார்த்துத்தான் பலர் பதறுகிறார்கள்.

நிறத்தையும் கவனியுங்கள். காபி டிகாஷன் போலக் கருத்திருந்து, ஈறும் வெளுத்திருந்தால், உண்ணிக் காய்ச்சலிலோ வெங்காயம் தின்றதாலோ ரத்த அணுக்கள் உடைந்திருக்கலாம். எலி மருந்து தின்றாலும் ரத்தம் கசியும். இவையெல்லாம் அவசரம்.

போகும்போது காலைச் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக்கொண்டு போங்கள். கரண்டியைக் குச்சியில் கட்டி நீட்டினால் வேலை சுலபம், நாயும் மிரளாது. அப்புறம், நம் வீட்டு வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்; பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாய்க்கு விஷமாகிவிடும்.