கேளுங்கள், சொல்கிறோம்: ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் வேலை

பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் மோட்டார் வாகன ஆய்வாளர் வேலை பற்றியவை மட்டும் இந்த முறை. ஊர் 'ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர்' என்கிறது, அலுவலகம் 'ஐ.எம்.வி.' என்கிறது, கே.பி.எஸ்.சி. (கர்நாடக அரசுப் பணியாளர் தேர்வாணையம்) அறிவிக்கையில் 'மோட்டாரு வாகன நிரீக்ஷகரு' என்று வரும். மூன்றும் ஒரே பதவிதான்.

மெக்கானிகல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வயது 18. இந்த வேலைக்கு இப்போதே என்ன செய்யலாம்?
– மாணவர், ஸ்ரீராமபுரம்

நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். படிப்பு முடிந்து, அறிவிக்கையும் வந்த பிறகுதான் பலர் லைசென்ஸைத் தேட ஆரம்பிக்கிறார்கள். அப்போது நாள் போதாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 213ஆம் பிரிவின்படி ஆய்வாளரின் குறைந்தபட்சத் தகுதியை மத்திய அரசு 1989 ஜூன் 12 அறிவிக்கையில் வகுத்திருக்கிறது. பத்தாம் வகுப்பு, ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிகலில் 3 ஆண்டு டிப்ளமோ, பெட்ரோல், டீசல் இரண்டிலும் இலகு ரகம், கனரகம் இரண்டையும் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் ஓராண்டு அனுபவம், மோட்டார் சைக்கிள், கனரகச் சரக்கு வண்டி, கனரகப் பயணிகள் வண்டி ஓட்ட லைசென்ஸ்.

சிக்கல் கடைசியில்தான். டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு வயது 20 ஆக வேண்டும். அதற்கு எல்.எல்.ஆர். போடவே கார் லைசென்ஸ் எடுத்து ஓராண்டு கடந்திருக்க வேண்டும். ஆகவே கியர் பைக், கார் லைசென்ஸை இந்த வருடமே எடுத்துவிடுங்கள். 20 முடிந்ததும் ஹெவிக்கு எல்.எல்.ஆர்., டிரைவிங் ஸ்கூலில் 30 நாள் பயிற்சி (அதில் 15 மணி நேரமாவது ஸ்டீயரிங் உங்கள் கையில்), படிவம் 5 சான்றிதழ், பிறகு டெஸ்ட். டிப்ளமோ முடிந்து ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் ஓராண்டுக்குள்ளேயே இது நடந்துவிடும். சில மாநிலங்கள் வேலையில் சேர்ந்த பிறகு தகுதிகாண் காலத்தில் ஹெவி லைசென்ஸ் எடுத்துக்கொள்ளவும் விட்டிருக்கின்றன. அந்தச் சலுகையை நம்பி உட்கார வேண்டாம்.

ஒர்க்‌ஷாப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பைக் ஷோரூமிலோ கார் மட்டும் பார்க்கும் சர்வீஸ் சென்டரிலோ வேலை பார்த்தால் 'கனரகம்' என்ற சொல்லுக்கே இடமில்லாமல் போகும். லாரியும் வரும் இடமாகச் சேருங்கள். வெறும் லெட்டர்ஹெட் சான்றிதழ் போதாது; வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு, பி.எஃப். அல்லது இ.எஸ்.ஐ. எண், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு தொல்லை இனிஷியல். எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டில் 'குமார் எஸ்', லைசென்ஸில் 'எஸ் குமார்', ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. மார்க்ஸ் கார்டில் உள்ளபடியே எல்லாவற்றையும் இப்போதே திருத்துங்கள்.

பிறகு கன்னடம். கே.பி.எஸ்.சி. தேர்வில் கட்டாயக் கன்னடத் தாள் 150 மதிப்பெண். 50 எடுக்க வேண்டும். ரேங்குக்கு அது சேராது, ஆனால் அதில் விழுந்தால் மற்றத் தாள்களால் பயனில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம் என்று வளர்ந்தவர்களுக்குப் பேச்சு வரும், கை எழுதாது. தினம் ஒரு பத்தி கன்னடத்தில் எழுதிப் பழகுங்கள்.

ஓசூரில் இருக்கும் என் அக்கா மகனிடம் தமிழ்நாட்டு எஸ்.சி. சான்றிதழ் இருக்கிறது. கர்நாடகத்தில் இட ஒதுக்கீடு கிடைக்குமா?
– வாசகி, மர்பி டவுன்

கிடைக்காது. ஒரு மாநிலத்தின் சாதிச் சான்றிதழ் இன்னொரு மாநில வேலைக்குச் செல்லாது. இரண்டு மாநிலப் பட்டியலிலும் அதே சாதி இருந்தாலும் இதுதான் நிலை. பொதுப் பிரிவில் போட்டியிடலாம். அவர் டி.என்.பி.எஸ்.சி. வழியாகத் தமிழ்நாட்டுப் பதவிக்கே முயல்வது நல்லது.

கையில் ஒரு லட்சம் வரும் என்று மச்சான் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், ஆஸ்டின் டவுன்

ஆரம்பத்தில் வராது. 2024இல் கே.பி.எஸ்.சி. 76 இடங்களுக்கு அறிவித்தபோது சம்பள விகிதம் 33,450 – 62,600. மாநிலத்தின் ஏழாவது ஊதியக் குழுப்படி 2024 ஆகஸ்ட் முதல் அது 54,175 – 99,400 ஆனது. பெங்களூருவில் வீட்டு வாடகைப்படி அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம், அதாவது 10,835. இரண்டும் சேர்ந்து 65,010. அதன்மேல் அவ்வப்போது உயரும் அகவிலைப்படி.

பிடித்தம் என்று பார்த்தால், அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் என்.பி.எஸ். ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும் (அரசு தன் பங்காக 14 சதவீதம் போடும்). கே.ஜி.ஐ.டி. என்ற கர்நாடக அரசு ஊழியர் காப்பீடு, மாதம் 200 தொழில்வரி தனி. மச்சான் சொல்லும் லட்சம் பல இன்கிரிமென்ட் தாண்டியோ, சீனியர் ஐ.எம்.வி., ஏ.ஆர்.டி.ஓ. (உதவி ஆர்.டி.ஓ.) என்று பதவி உயர்ந்தோ வருவது. முதல் 2 ஆண்டு தகுதிகாண் காலம் என்பதையும் மறக்க வேண்டாம்.

என் சரக்கு டெம்போவுக்கு வயது 9. எஃப்.சி.க்குப் (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) போனால் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?
– டெம்போ உரிமையாளர், கே.ஆர்.புரம்

8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை இருந்த எஃப்.சி. உங்களுக்கு இனி வருடா வருடம். முதலில் பார்ப்பது சேசிஸ் எண். துரு ஏறியிருந்தால் பென்சில் அச்சு விழாது, வேலை அங்கேயே நின்றுவிடும். முந்தின நாளே மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்து வையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எண்ணே மழுங்கி, திருத்தியதாகச் சந்தேகம் வரும்.

அடுத்து டயர். ட்ரெட் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இரண்டு, மூன்று சக்கர வண்டிக்கு 0.8. நடுவில் ஆழம் இருந்து ஓரம் மொட்டையாக இருந்தாலும் திரும்பி வர வேண்டியதுதான், அது அலைன்மென்ட் கோளாறு. புகையில், பி.எஸ்.4 மாசுத் தர டீசல் வண்டிக்கு உச்ச அளவு 50 எச்.எஸ்.யு. (புகையின் அடர்த்தியைக் காட்டும் அலகு), அதற்கு முந்தினவற்றுக்கு 65. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலோ நாசில் சொட்டினாலோ தாண்டிவிடும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, எஞ்சின் சூடான பிறகு சோதனைக்கு நிறுத்துங்கள்.

பலர் கவனிக்காதது பாடி. கூடுதல் சரக்கு ஏற்றப் பின்பக்கம் நீட்டியிருப்பார்கள். பின் அச்சுக்குப் பின்னால் நீளும் பகுதி வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூடவே ரிஃப்ளெக்டர் டேப், வைப்பர், ஹேண்ட் பிரேக், 80 கி.மீ.க்குப் பூட்டிய ஸ்பீடு கவர்னர். தேதி தாண்டினால் மத்திய விதிப்படி நாளுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம். அபராதத்தை விடுங்கள், எஃப்.சி. இல்லாமல் ஓட்டி விபத்தானால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த பணத்தை உங்களிடமே திருப்பிக் கேட்கும்.

தங்கைக்கு ஐ.எம்.வி. மாப்பிள்ளை வரன் வந்திருக்கிறது. நாள் முழுக்க ரோட்டில் நிற்கும் வேலையா?
– வாசகர், ஜீவன்பீமா நகர்

இல்லை, சுற்று முறையில் மாறும். டெஸ்ட் டிராக்கில் லைசென்ஸ் சோதனை, அலுவலக வளாகத்தில் எஃப்.சி., அப்புறம் செக்கிங் டியூட்டி. அத்திப்பள்ளிப் பக்கம் செக்கிங் விழுந்தால் ராத்திரி, மழை எல்லாம் உண்டு.

செக்கிங்கில் பெரிய தலைவலி ஓவர்லோடு. இரண்டு அச்சு லாரிக்கு மொத்த எடை 18.5 டன். எடைமேடையில் 21.5 காட்டினால் மிகை 3 டன்: 20,000 ரூபாயும், டன்னுக்கு 2,000 வீதம் 6,000மும் சேர்த்து 26,000. மிகைச் சரக்கை இறக்காமல் வண்டி நகரக் கூடாது. இறக்க ஆளும் இடமும் கிடைக்காத நடுராத்திரியில் வாக்குவாதம் ஆரம்பிப்பது இதில்தான்.

வெளியே தெரியாத இன்னொரு வேலை விபத்து வண்டி ஆய்வு. போலீஸ் எழுதிக் கேட்டதும் ஸ்டேஷனுக்குப் போய், பிரேக், ஸ்டீயரிங், டயர் பார்த்து, விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமா இல்லையா என்று எழுதித் தர வேண்டும். ஏர் பிரேக் வண்டியில் குழாய் மோதலில் அறுந்ததா, முன்பே கசிந்துகொண்டிருந்ததா என்று பிரித்தறிவது சுலபமல்ல. அறுந்த முனை புதிதாகப் பளபளக்கிறதா, பழைய அழுக்கும் எண்ணெயும் படிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த ஒரு பக்க அறிக்கைக்காகச் சில வருடம் கழித்தும் சாட்சிக் கூண்டில் ஏறி டிரைவர் தரப்பு வக்கீலுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வரன் பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கலாம்.

சாந்தி நகர் போக்குவரத்துத் துறைத் தலைமை அலுவலகத்தில் ஆள் தெரியும், பணம் கொடுத்தால் போஸ்டிங் என்கிறார் ஒரு தரகர்.
– பெயர் வேண்டாம், அல்சூர்

தேர்வு எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில், கே.பி.எஸ்.சி. பட்டியலில் நடக்கிறது, சாந்தி நகருக்கு அதில் கை கிடையாது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. பணத்தைக் கொடுக்காதீர்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் லோகாயுக்தாவில் புகார் கொடுங்கள்.