வயதை எழுதுங்கள், பிறகு கேளுங்கள்

சிறப்புத் தேவை உள்ளவர்களைப் பற்றி இந்தப் பகுதிக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளையின் வயதே இல்லை. "மகன் பேசவில்லை" என்று எழுதினால் ஒன்றரை வயதா, பதினொன்றா என்று நான் ஜோசியமா பார்ப்பேன்?

கூப்பிட்டால் பையன் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான், பொறு என்கிறார் மாமியார். பொறுக்கலாமா? (பட்டர்வொர்த்)

இவரும் வயது எழுதவில்லை. எந்த வயதானாலும் பொறுக்க வேண்டாம். முதலில் காதுப் பரிசோதனை. அரசு கிளினிக்கில் கொடுத்த குழந்தை நலப் புத்தகத்தை எடுங்கள். ஆட்டிசம் அறிகுறி உண்டா என்று பார்க்க 18 மாதத்திலும் 3 வயதிலும் நிரப்பச் சொல்லும் கேள்விப் பட்டியல் அதில் உண்டு. வரிசையில் நின்றபடியே எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று டிக் போட்டிருப்பீர்கள். இப்போது வீட்டில் உட்கார்ந்து, பிள்ளையைப் பார்த்து, உண்மையாக நிரப்புங்கள். அதோடு டாக்டரிடம் போங்கள். அவர் தரும் கடிதத்தை மூன்று நகல் எடுத்து வையுங்கள்.

மகளுக்கு 7 வயது, கற்றல் குறைபாடு. ஓகேயு அட்டை (மலேசிய அரசின் மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்தால் பிற்காலத்தில் தங்கச்சிக்கு வரன் அமையாது என்கிறார்கள். (ஆயர் ஈத்தாம்)

அட்டையை நெற்றியில் ஒட்டுவதில்லை, பையில்தான் வைக்கிறோம். பதிவு கட்டாயமும் இல்லை. ஆனால் எடுக்காவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. அரசு மருத்துவமனைக் கட்டணச் சலுகை, இலவசப் பாஸ்போர்ட், சிறப்புக் கல்வி மாணவருக்கு மாதம் 150 வெள்ளி, உங்கள் வருமான வரியில் கழிவு. தனியார் டாக்டரிடம் கையெழுத்து வாங்குவதானால் அவர் நிபுணராக இருக்க வேண்டும். பாரத்தைக் கொடுக்குமுன் நகல் எடுங்கள். வரன் விஷயம் என் துறை இல்லை.

ஒட்டகப் பால், உடம்பிலிருந்து உலோகம் இறக்கும் சிகிச்சை இவற்றால் ஆட்டிசம் குணமாகுமா?

ஆகாது. உலோகம் இறக்கும் சிகிச்சையில் 2005ல் அமெரிக்காவில் ஒரு சிறுவன் இறந்தே போனான்.

மகனுக்கு 4 வயது, ஆட்டிசம். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்று பயிற்சி நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஆங்கிலம் அரைகுறை, அத்தைக்குத் தெரியவே தெரியாது. ஒரு வருடமாக முயற்சி செய்கிறோம். (பிறை)

வயது எழுதியதற்கு நன்றி. இந்தக் கேள்வி வராத மாதமில்லை, எனக்குக் கோபம் வராத மாதமும் இல்லை.

இரண்டு மொழியால் பிள்ளை குழம்பும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் இரண்டு மொழி கேட்டு வளர்பவர்களையும் ஒரே மொழி கேட்டு வளர்பவர்களையும் பல ஆய்வுகள் ஒப்பிட்டுவிட்டன. இரண்டு மொழிக்காரர்கள் பின்தங்கவில்லை. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளை வைத்து கனடாவில் நடத்தி 2005ல் வெளியான ஆய்வும் அதையேதான் சொன்னது. இருந்தும் இந்தப் பழைய புத்திமதி இன்னும் ஓய்ந்தபாடில்லை.

வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் உங்களால் கட்டளைதான் போட முடியும். கம். சிட். ஈட். நோ. தமிழில் என்றால் கொஞ்சுவீர்கள், பாடுவீர்கள், "ஏன்டா கள்ளப் பயலே, பிஸ்கட்டை எங்கே ஒளிச்சு வச்ச" என்று வம்பிழுப்பீர்கள். பேச்சு வருவது அந்த வம்பில்தான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஆங்கிலம் தெரியாததால் பாட்டி பேரனிடம் சைகையில் பேசுகிறார். பேரனுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. ஆங்கில 'கிவ்' மெய்யெழுத்தில் முடிகிறது, பேச்சு தாமதமான பிள்ளைக்கு அது கஷ்டம். நம் 'தா' ஒரே எழுத்து, வாயைத் திறந்தால் வந்துவிடும். வா, போ, பூ எல்லாம் அப்படித்தான். நம்மிடம் இருப்பதை விட்டுவிட்டு எங்கே தேடுகிறோம்?

பயிற்சியாளரிடம் சண்டை வேண்டாம். இந்த மாதம் அவர் சொல்லித்தரும் பத்துச் சொற்களைத் தாளில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் மறந்துபோகும். அதே பத்தை வீட்டில் தமிழில் செய்யுங்கள்: தா, இன்னும், போதும், வேணாம். அவர் படம் காட்டிச் சொல்லித்தந்தால், வீட்டிலும் அதே படங்கள்தான். அத்தை தமிழிலேயே பேசட்டும். மலாய்க்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

தைப்பூசத்துக்கு மகனை (9, ஆட்டிசம்) அழைத்துப் போகலாமா? போன வருடம் உருமிச் சத்தத்தில் அலறிவிட்டான். (ஜெலுத்தோங்)

போகலாம், கூட்டத்துக்கு முன்னால். தண்ணீர்மலை முருகன் கோவில் படி ஐந்நூறுக்கு மேல், இரண்டு வாரம் முன்பே ஒரு காலையில் ஏறிப் பழக்குங்கள். அன்றைக்குக் காதுக்கு ஒலித்தடுப்பான், சட்டைக்குள் உங்கள் தொலைபேசி எண். ஸ்பீக்கர் வைத்த பந்தல் பக்கமே வேண்டாம். காதைப் பொத்தினால் உடனே திரும்புங்கள். முருகன் கோபிக்க மாட்டார்.

தம்பிக்கு 43, டவுன் சிண்ட்ரோம். ஆறு மாதமாகக் குளிக்க மறுக்கிறான், பெயர்களை மறக்கிறான். பிடிவாதம் என்கிறார் அண்ணன். (புக்கிட் மெர்தாஜாம்)

பிடிவாதம் இல்லை. தைராய்டு, காது, கண்புரை, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள், இவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. எதுவும் இல்லையென்றால் மறதிநோய்க்குச் சோதிக்க வேண்டும். அல்சைமருக்குக் காரணமான புரதத்தின் மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இவர்களுக்கு அந்தக் குரோமோசோம் மூன்று என்பதால் நாற்பதிலேயே நோய் வரலாம். முன்பு தானாகச் செய்த வேலைகளைத் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். அண்ணனையும் கூட்டிப் போங்கள்.

மூத்தவன் (26) கணக்கு வழக்கு புரியாதவன். என் சேமநிதி முழுவதற்கும் அவனையே வாரிசாகப் போட்டுவிட்டேன். இனிக் கவலை இல்லைதானே? (நிபோங் திபால்)

இனிமேல்தான் கவலை. பணம் அவன் பெயருக்கு வரும், ஆனால் அவனுக்குக் கையெழுத்தின் பொருள் தெரியாது. அப்புறம் 2001 மனநலச் சட்டப்படி, அவன் சொத்தைக் கவனிக்க ஒருவரை நியமிக்கக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குக் குடும்பம் அலைய வேண்டியிருக்கும். பவர் ஆஃப் அட்டர்னியும் உதவாது, புரிந்து கையெழுத்திடுபவர்தான் அதைக் கொடுக்க முடியும். உயில் எழுதாமல் விட்டாலும் 1958 பங்கீட்டுச் சட்டம் அவன் பங்கை அவன் பெயருக்கே ஒதுக்கும், அதே முடிச்சுதான்.

வக்கீலை வைத்து, அறக்கட்டளைப் பிரிவோடு உயில் எழுதுங்கள், அதாவது பணத்தைப் பொறுப்பாளர் வைத்திருந்து அவனுக்காகச் செலவிடும் ஏற்பாடு. பொறுப்பாளர் இரண்டு பேர். உறவில் ஆள் இல்லையென்றால் அமானா ராயா (அரசுக்குச் சொந்தமான அறக்கட்டளை நிறுவனம்) அல்லது உரிமம் பெற்ற அறக்கட்டளை நிறுவனம். சேமநிதி வாரிசு நியமனத்தையும் அதற்கேற்ப மாற்றச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். "தங்கச்சி பார்த்துக்கொள்வாள்" என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் கேட்டீர்களா?

மகள் நேற்று முதல் தலையில் அடித்துக்கொள்கிறாள். பேச்சு வராது. அவசரம்!

அவசரத்தில் வயது மறந்துவிட்டது. திடீரென்று தொடங்கினால் வலியாக இருக்கலாம்: பல், காது, மலச்சிக்கல், பெரியவள் என்றால் மாதவிலக்கு. என் பதில் அச்சாகும்வரை காத்திருக்காமல் இன்றே கிளினிக்குக்குப் போங்கள். முதலில் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்.