மகள் கேட்ட பானைக் கதை

கேள்வி: மகளுக்குப் பதினைந்து வயது. கனடாவிலிருந்து வந்த மச்சாள் கொடுத்த 'ஹங்கர் கேம்ஸ்' என்ற ஆங்கில நாவலோடேயே இருக்கிறாள். மகன் ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறான். இரண்டு பேருக்கும் கிளாஸ் காசு கட்ட ஏலாமல், "ஒரு வருஷம் உன்ட கணக்கு கிளாஸை நிப்பாட்டுவம். நாளைக்கு உனக்கு வீடு கட்டித் தாறது அண்ணன்தானே" என்றேன். "கேட்டு வாங்கினா அது தியாகமா அம்மா? என்ட பேரை மட்டும் ஏன் பானைக்குள்ள போடுறீங்க?" என்றுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். இந்தப் புத்தகம் பிள்ளையைச் சுயநலக்காரியாக்குகிறதா? வாங்கி ஒளித்துவைக்கட்டுமா?
– ஒரு தாய், ஆரையம்பதி, மட்டக்களப்பு

பதில்: ஒளித்துவைக்காதீர்கள் தங்கச்சி. அவள் சொன்ன பானை எதுவென்று முதலில் சொல்கிறேன்.

சூசன் காலின்ஸ் எழுதி 2008இல் வந்த நாவல் அது. ஒரு தலைநகரம், அதற்குக் கீழே 12 மாவட்டங்கள். ஆண்டுதோறும் பிள்ளைகளின் பெயர்ச் சீட்டுகளைப் பானை மாதிரியான கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் 12 முதல் 18 வயதுக்குள் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் எடுப்பார்கள். அந்த 24 பிள்ளைகளும் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும், கடைசியில் மிஞ்சுவது ஒருவர்தான். போருக்குப் பிள்ளை கேட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்ற காலத்தையும், பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீடுகளில் ஒளித்துவைத்த இரவுகளையும் கண்ட எங்கள் பக்கத்துத் தாய்மாருக்கு முதல் அத்தியாயத்திலேயே நெஞ்சு பதறும்.

பார்வைக்கு அந்தக் குலுக்கல் எல்லாருக்கும் பொது. ஆனால் பசித்த வீட்டுப் பிள்ளை, ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துத் தானியமும் கொஞ்சம் எண்ணெயும் வாங்க, தன் பெயரை இன்னொரு தரம் எழுதிப் போட வேண்டும். கதாநாயகி கேட்னிஸுக்குப் பதினாறு வயது. தாய்க்கும் தங்கைக்கும் தனக்குமாக வாங்கி வாங்கி, அவள் பெயரில் 20 சீட்டு உள்ளே கிடக்கிறது. பன்னிரண்டு வயதுத் தங்கையை ஒரு தரம்கூட அப்படிப் பெயர் கொடுக்க அவள் விட்டதில்லை. கடைசியில் தங்கையின் அந்த ஒற்றைச் சீட்டுத்தான் வருகிறது. "நான் போகிறேன்" என்று அக்கா முன்னே ஓடுகிறாள்.

தங்கைக்காக உயிரையே கொடுக்கத் துணிந்த ஒருத்தியின் கதையை வாசிக்கிற பிள்ளை எப்படிச் சுயநலக்காரி ஆவாள்? தானாகக் கொடுப்பதும் பிறர் கேட்டுப் பறிப்பதும் வேறு வேறு என்பது அவளுக்கு விளங்கியிருக்கிறது. பதினைந்து வயதில் அது பெரிய விளக்கம். எனக்கு அவளை நினைக்கச் சந்தோஷமாகவே இருக்கிறது.

லோயிஸ் லோரியின் 'த கிவர்' என்ற நாவலும் (1993) அவளுக்குக் கிடைத்தால் கொடுங்கள். அதில் ஊர் முழுக்க எல்லாரும் ஒன்றுபோல. பேதம் வரக்கூடாதென்று நிறத்தைக்கூட எடுத்துவிட்டார்கள். அந்த ஊர் நோவில்லாமல் இருப்பதற்காகப் பழைய வேதனைகளையெல்லாம் ஒரே ஓர் ஆள் நெஞ்சில் சுமக்கிறார். அதை வாசித்தபோது எனக்கு எங்கள் வீட்டுத் தாய்மார்தான் நினைவுக்கு வந்தார்கள். உங்கள் கடிதத்தையே பாருங்கள். மகன் படிப்பு, மகள் கிளாஸ், நாளைய வீடு எல்லாம் இருக்கிறது. நீங்கள் எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதை மகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

வீட்டு விஷயத்துக்கு வருவோம். மட்டக்களப்பில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் கட்டிவைக்கிறோம். அது பெண்ணைக் காப்பாற்றுகிற நல்ல வழக்கம், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வீட்டுக்காக மத்திய கிழக்கில் வெயிலில் கிடந்து முப்பத்தைந்து வயதுவரை கலியாணம் முடிக்காத அண்ணன்மாரை உங்களுக்கும் தெரியும். உங்கள் மகளின் கிளாஸை நிப்பாட்டினால் அண்ணன் அவளுக்குக் கடன்காரன். நாளைக்கு அவன் வீடு கட்டினால் அவள் அவனுக்குக் கடன்காரி. இரண்டு பேரின் பெயரும் பானைக்குள்தான் கிடக்கிறது.

ஆகவே அடுத்த ஞாயிறு காசுக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதி நடுவில் வையுங்கள். வரவு இவ்வளவு, கிளாஸ் இவ்வளவு, கடன் இவ்வளவு என்று ஒளிக்காமல் எழுதுங்கள். மகனுக்கு மூன்று பாடத்துக்கும் வெளியே கிளாஸ் வேண்டுமா, மகளுக்கு அவனே கணக்குச் சொல்லிக்கொடுக்க ஏலுமா, இருவரும் ஒவ்வொன்றைக் குறைக்க ஏலுமா என்று அவர்களே பேசட்டும். மகள் தானாக விட்டுத்தந்தால் வாங்குங்கள். தராவிட்டால் கோபிக்காதீர்கள்.

மகனைக் கட்டாயம் பக்கத்தில் இருத்துங்கள். அவன் வீடு கட்டித் தருவான் என்று அவளிடம் சொன்னீர்களே, அதை அவனிடம் யாரும் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.