அப்பாவுக்குக் காற்றுக் கையுறை வாங்கலாமா?

தங்கச்சி, பாரிசவாதம் வந்து நாலு மாதமாகியும் அப்பாவின் வலது கை விரியவில்லை, இணையத்தில் பார்த்த, குழாய்களில் காற்றை ஏற்றி இறக்கி விரல்களை மடக்கி விரிக்கும் காற்றுக் கையுறையை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்குவதற்கு முதல் அவருடைய விரல்களை உங்கள் கையால் மெதுவாக விரித்துப் பாருங்கள். இலகுவாக விரிந்தால் வாங்கிப் பார்க்கலாம். இறுகித் திரும்பச் சுருண்டால், அந்த இறுக்கத்தை வெல்ல அந்தக் காற்றுக் குழாய்களுக்குப் பலம் போதாது. முதலில் யாழ் போதனா வைத்தியசாலையில் பிசியோதெரபி செய்பவர்களிடம் காட்டுங்கள்.

என் அம்மாவுக்கு நாங்கள் விட்ட பிழையை நீங்கள் விட வேண்டாம். கையுறையைப் போட்டுவிட்டு டீவிக்கு முன்னால் இருத்தினோம். விரல் பாட்டுக்கு மடங்கி விரிந்தது, அம்மாவின் கவனம் நாடகத்தில். காற்று ஏறும்போது அப்பாவும் சேர்ந்து விரிக்க முயல வேண்டும், மூளை திரும்பப் பழகுவது அந்த முயற்சியால்தான். நல்ல கை செய்வதைப் போலவே மற்றக் கையையும் அசைக்கும் கையுறை வகை கிடைத்தால் அதையே எடுங்கள்.

அப்புறம், கையுறையைக் கழற்றியவுடன் அம்மாவுக்கு மூக்குப்பேணியை (மூக்கு வைத்த குவளை) பிடிக்கக் கொடுத்தோம். முதல் கிழமை வெறும் பேணி, பிறகு கால்வாசித் தண்ணி.

கையில் உணர்ச்சி குறைவென்றால் விரலிடுக்கில் தோல் சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் கழன்றுவிடக்கூடும்.