கார் ஏன் சுவர்ப் பக்கமே போகிறது? – குழந்தைகளுக்கான கைவேலைப் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கைவேலை, வடிவமைப்புப் பட்டறை நடத்தும் ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் ஏழு இந்த இதழில்.

கேள்வி: மூன்றாம் வகுப்பில் 28 குழந்தைகள். அட்டை, ஸ்ட்ரா, மூங்கில் குச்சி, பாட்டில் மூடி கொடுத்துக் கார் செய்யச் சொன்னேன். பாதிக் கார்கள் நகரவே இல்லை. நகர்ந்தவையும் நேராகப் போகாமல் சுவரைத் தேடிப் போய் முட்டின. எங்கே தவறு?

பதில்: செய்முறை சரிதான். அளவில்தான் பிசகியிருக்கும், அதுவும் மில்லிமீட்டர் கணக்கில். நகராத காரையும் திரும்பும் காரையும் தனித்தனியாகப் பாருங்கள், இரண்டுக்கும் காரணம் வேறு.

நகராத காரைத் தூக்கிப் பிடித்து, சக்கரத்தை விரலால் சுண்டிவிடச் சொல்லுங்கள். நாலைந்து சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும். சட்டென்று நின்றுவிட்டால் முதலில் ஸ்ட்ராவைப் பாருங்கள். டேப்பை அதன் மேல் வைத்து அழுத்தி ஒட்டியிருப்பார்கள். ஸ்ட்ரா நசுங்கிக் குச்சியைக் கவ்விக்கொண்டிருக்கும். டேப்பை ஸ்ட்ராவின் மேல் தளர்வாகப் போட்டு, இருபுறமும் அட்டையில் மட்டும் அழுத்த வேண்டும். அடுத்தது, சக்கரம் ஸ்ட்ராவின் முனையை உரசுகிறதா என்று பாருங்கள். அட்டை 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் என்றால் ஸ்ட்ராவும் 10 செ.மீ., குச்சி 14 செ.மீ. இருக்கட்டும். மூடிக்கும் ஸ்ட்ராவுக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி வேண்டும். மூன்றாவது காரணம் பசை. சக்கரத்தின் உட்புறம் பசை வைத்தால் அது குச்சியோடு வழிந்து ஸ்ட்ராவுக்குள் போய் இறுகிவிடும். மூடியின் வெளிப்பக்கம் மட்டும் ஒரு சொட்டு போதும். குச்சி 3 மி.மீ. தடிமன், ஸ்ட்ராவின் துளை 6 மி.மீ. என்றால் தாராளமாகச் சுழலும். மெல்லிய ஜூஸ் ஸ்ட்ராவைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி, சுவரைத் தேடும் கார். காரைக் கவிழ்த்து வைத்து, இரண்டு ஸ்ட்ராக்களுக்கும் இடையே உள்ள தூரத்தை இடது ஓரத்தில் ஒரு முறையும் வலது ஓரத்தில் ஒரு முறையும் ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். இடது பக்கம் 12 செ.மீ., வலது பக்கம் 11.6 செ.மீ. என்று வந்தால் கார் வலது பக்கம் திரும்பும். தூரம் குறைந்த பக்கமே அது போகும். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அளந்த பிறகு, "எந்தப் பக்கம் போகும்னு நினைக்கிறே?" என்று கேட்டுவிட்டு ஓடவிடுங்கள். தான் சொன்ன பக்கமே கார் திரும்புவதைப் பார்க்கும் குழந்தை, அடுத்த நிமிடம் ஸ்ட்ராவைப் பிரித்து மறுபடி ஒட்ட உட்கார்ந்துவிடும். ஒரே அச்சில் ஒரு பக்கம் பெரிய மூடி, மறுபக்கம் சிறிய மூடி என்று இருந்தாலும் கார் சிறிய மூடி இருக்கும் பக்கம் வளையும்.

கார் குதித்துக் குதித்துப் போனால் மூடியின் துளை நடுவில் இல்லை என்று பொருள். மூடியைத் தாளில் வைத்து வட்டம் வரைந்து வெட்டி, இரண்டு முறை பாதியாக மடித்துப் பிரித்தால் மடிப்புகள் குறுக்கிடும் புள்ளிதான் மையம். அந்தத் தாளை மூடி மேல் வைத்துப் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளலாம். துளை போடுவதைப் பெரியவர்கள் செய்துவிடுங்கள்.

இன்னொன்று. நெளி அட்டைக்குள் ஓடும் நெளிவுகள் காரின் நீளவாக்கில் இருக்கும்படி வெட்டுங்கள். குறுக்குவாக்கில் இருந்தால் நடுவில் மடங்கித் தொய்ந்துவிடும்.

கேள்வி: 90 நிமிடப் பட்டறையில் ஒருபோதும் வேலை முடிவதில்லை. கடைசிப் பத்து நிமிடம் ஒரே கூச்சல், அவசரம். நேரத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்: அறிமுகத்துக்கு 8 நிமிடம், வரைவதற்கு 10, முதல் முறை செய்வதற்கு 25, ஓடவிட்டோ எடை வைத்தோ சோதித்துப் பார்க்க 15, திருத்திச் செய்ய 20, சுத்தம் செய்ய 12. பெரும்பாலான பட்டறைகளில் அந்த 20 நிமிடம்தான் இருக்காது. செய்தார்கள், படம் எடுத்தோம், முடிந்தது என்று போய்விடும். எங்களைக் கேட்டால், அறிமுகத்தைச் சுருக்குங்கள், அலங்காரத்தை அடியோடு விட்டுவிடுங்கள், அந்த 20 நிமிடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். முதல் முறை செய்யும்போது குழந்தை உங்கள் சொல்லைக் கேட்டுச் செய்கிறது. இரண்டாம் முறை, தன் கண்ணால் பார்த்ததை வைத்துச் செய்கிறது.

நேரத்தைத் தின்பது பசை. வெள்ளைப் பசை பிடித்துக்கொள்ள 20, 30 நிமிடம் ஆகும். அதுவரை குழந்தை விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், எடுத்தால் விழும். பட்டறையில் மாஸ்கிங் டேப்பே போதும். கையால் கிழியும், உரித்து மறுபடி ஒட்டலாம். 10 செ.மீ. துண்டுகளாகக் கிழித்து மேசை விளிம்பில் முன்கூட்டியே வரிசையாக ஒட்டி வைத்துவிட்டால், "மிஸ், டேப்!" என்ற குரலே பாதி அடங்கிவிடும். நான்கு பேருக்கு ஒரு தட்டு. எண்ணிக்கை சரியாக இருக்கட்டும், கூட இரண்டு குச்சி மட்டும்.

கேள்வி: என் மகளுக்கு இடது கைப் பழக்கம். ஆறு வயது. கத்தரிக்கோலால் வெட்டினால் தாள் வெட்டுப்படாமல் கசங்குகிறது. கை பலம் போதவில்லையா?

பதில்: பலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, கத்தரிக்கோல்தான் எதிரி. சாதாரணக் கத்தரிக்கோலை வலது கையில் பிடித்தால், கட்டைவிரல் தள்ளுவதும் மற்ற விரல்கள் இழுப்பதும் சேர்ந்து இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்கும். அதையே இடது கையில் பிடித்தால் அதே அசைவு அலகுகளை விலக்கிவிடும். நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி விழுந்து, தாள் வெட்டுப்படாமல் அதற்குள் மடிந்து நுழைந்துகொள்ளும். போதாததற்கு மேல் அலகு கோட்டை மறைப்பதால், குழந்தை கழுத்தைச் சாய்த்து எட்டிப் பார்க்கும்.

இடது கைக் கத்தரிக்கோல் என்று தனியாகவே கிடைக்கிறது. அதில் அலகுகள் மாறிப் பொருத்தப்பட்டிருக்கும். "இரு கைக்கும் பொருந்தும்" என்று எழுதியதை வாங்காதீர்கள். பெரும்பாலும் பிடி மட்டும்தான் பொது, அலகு வலது கைக்கானதே. 13 செ.மீ. நீளம், மழுங்கிய முனை, இறுக்கமான திருகு. திருகு தளர்ந்திருந்தால் வலது கைக் குழந்தைக்கும் இதே தொல்லை வரும். வட்டம் வெட்டும்போது வலது கைக்காரர்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் போவார்கள். உங்கள் மகள் முள் சுற்றும் திசையில் போகட்டும். கத்தரிக்கோல் ஒரே இடத்தில் நிற்க, மற்றக் கை தாளைத் திருப்ப வேண்டும். பத்தில் ஒருவருக்கு இடது கைப் பழக்கம் இருக்கும் என்பதால், 30 பேர் பட்டறைக்கு மூன்று நான்காவது வாங்கி வையுங்கள்.

கேள்வி: காப்பர் டேப், எல்.இ.டி., பட்டன் பேட்டரி வைத்து விளக்கெரியும் வாழ்த்து அட்டை செய்தோம். சிவப்பும் வெள்ளையும் சேர்த்து வைத்தவர்களுக்குச் சிவப்பு மட்டுமே எரிந்தது. சிலருக்கு எதுவுமே எரியவில்லை.

பதில்: சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டில் எரியும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவுக்கு வேண்டும். ஒரே பட்டன் பேட்டரியில் இரண்டையும் பக்கவாட்டில் இணைத்தால், மின்னோட்டம் சிவப்பு வழியே போய்விடும். அழுத்தம் 2 வோல்ட்டுக்கு அருகே இறங்கி, வெள்ளை எரியாது. அட்டைக்கு ஒரே நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவுமே எரியாத அட்டையில் முதலில் எல்.இ.டி.யின் கால்களைப் பாருங்கள். நீளமான கால் நேர்முனை. திருப்பி வைத்தால் எரியாது. கால் சரி என்றால் மூலைகளுக்கு வாருங்கள். காப்பர் டேப்பை மூலையில் வெட்டி, அதன் மேல் அடுத்த துண்டை ஒட்டியிருப்பார்கள். பல டேப்புகளில் அடிப்பக்கப் பசை மின்சாரத்தைக் கடத்தாது, அங்கே பாதை அறுந்துவிடும். வெட்டாமல் திருப்பப் பழக்குங்கள்: மூலை வரை ஒட்டி, போக வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கமாக டேப்பை முதலில் மடக்கி, மடிப்பை நகத்தால் தேய்த்து, பிறகு வேண்டிய திசைக்குத் திருப்பினால் பசைப்பக்கம் மறுபடி கீழே வந்துவிடும். இரண்டு முறை வெறும் தாள் நாடாவில் செய்து பார்த்தால் ஏழு வயதுக் குழந்தைக்கும் கைவந்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று. பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் கடுமையாக அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், வீட்டில் தம்பி தங்கை இருப்பவர்களுக்கும் பட்டன் பேட்டரி வேண்டவே வேண்டாம். மூடியுள்ள கூட்டில் இரண்டு ஏ.ஏ. பேட்டரி வையுங்கள், அதுவும் 3 வோல்ட்தான். ஆனால் அது பட்டன் பேட்டரியைவிட அதிக மின்னோட்டம் தரும். சிவப்பு, மஞ்சள் எல்.இ.டி. ஒவ்வொன்றுக்கும் 100 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்க்காவிட்டால் அவை கருகிவிடும். பட்டன் பேட்டரிதான் என்றால் எண்ணிக் கொடுங்கள், எண்ணி வாங்குங்கள், வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: களிமண் பொம்மைகள் காயும்போது கையும் காலும் விண்டு விழுகின்றன.

பதில்: மெல்லிய கை முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த உடம்பு பின்னால் சுருங்கும், இணைப்பு பிளக்கும். எங்கும் 8 மி.மீ. அளவில் ஒரே தடிமனாக இருக்கட்டும். 2 செ.மீ.க்கு மேல் போகும் உடம்பைக் குடைந்துவிடுங்கள். இணைக்கும் இரண்டு பக்கங்களிலும் பல்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, களிமண்ணைத் தண்ணீரில் குழைத்த கூழைத் தடவி அழுத்துங்கள். வழவழப்பாக்க வேண்டும் என்று குழந்தைகள் விரலைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தடவுவார்கள், அந்த மேற்பரப்பு முழுவதும் பின்னால் வெடிக்கும். விரலைத் துணியில் ஒற்றிவிட்டுத் தடவச் சொல்லுங்கள். வெயிலிலும் விசிறியடியிலும் வைக்காதீர்கள். முதல் நாள் பிளாஸ்டிக் தாளால் லேசாக மூடி, மறுநாள் திறந்து, நடுநடுவே திருப்பி வைத்தால் இரண்டு மூன்று நாளில் சீராகக் காயும்.

கேள்வி: எங்கள் பட்டறையில் 30 குழந்தைகளும் ஒரே மாதிரி பொருளைச் செய்துகொண்டு போகிறார்கள். பெற்றோருக்கு மகிழ்ச்சி. ஆனால் இதில் வடிவமைப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே சந்தேகம்.

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. மாதிரியைப் பார்த்துச் செய்வதில் கை பழகும், அது வீணல்ல. 1866-இல் பின்லாந்தின் மக்கள் பள்ளிகளில் உனோ சிக்னேயஸின் முயற்சியால் கைவேலை பாடமாக நுழைந்தபோதும், பிறகு ஸ்வீடனின் நேஸ் பண்ணை மாளிகையில் ஓட்டோ சாலமன் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தபோதும், எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் மாதிரிகளின் வரிசையே அடிப்படை. மடிக்க, வெட்ட, இணைக்கக் கற்றுக்கொள்ள மாதிரி உதவும். கற்ற பிறகு மாதிரியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு கணக்கை வையுங்கள்.

உதாரணமாக: இரண்டு ஏ4 தாள், 30 செ.மீ. டேப். ஒரு டென்னிஸ் பந்தை மேசையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் பத்து விநாடி நிறுத்த வேண்டும். எல்லாரும் முதலில் ஒரு தாளை நீளவாக்கில் குழாயாக உருட்டி நிறுத்துவார்கள். ஸ்கேலை வைத்தால் 29.7 செ.மீ. மூன்று மில்லிமீட்டர் குறையும். அந்தக் குறையை ஒருவர் அடியில் மடித்த தாளை வைத்து நிரப்புவார், ஒருவர் இரண்டு குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி நீட்டுவார், இன்னொருவர் மேலே ஒரு வளையம் செய்து பந்தை அதில் உட்கார வைப்பார். டேப்பை அளந்து கொடுப்பது அவசியம். அளவில்லாமல் கொடுத்தால் யோசிப்பதற்குப் பதில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். பெற்றோரிடம் பொருளோடு அந்தக் குழந்தை முதலில் வரைந்த படத்தையும் இடையில் விழுந்த மாதிரியையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். பார்வைக்கு அழகாக இருக்காது, ஆனால் குழந்தை அதைக் காட்டிப் பேசும்.

கேள்வி: ஹாட் க்ளூ கன், பேப்பர் கட்டர் எந்த வயதில் கொடுக்கலாம்? உதவிக்கு வரும் பெற்றோர் குழந்தையின் வேலையைத் தாங்களே முடித்துவிடுவதை எப்படித் தடுப்பது?

பதில்: ஆரம்பப் பள்ளிப் பட்டறையில் இரண்டையும் பெரியவர்கள் கையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. சாதாரண க்ளூ கன்னின் பசை 190 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். குறைந்த சூடு என்று விற்பதே 120 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், தோலில் ஒட்டிக்கொண்டு கொப்புளம் கிளப்பும். ஓரமாக ஒரு மேசை போட்டு, அங்கே பெரியவர் ஒருவர் இருக்கட்டும். எங்கே ஒட்ட வேண்டும் என்று குழந்தை பென்சிலால் குறித்துக்கொண்டு வரவேண்டும். குறிக்காமல் வந்தால் ஒட்டக் கூடாது. தடித்த நெளி அட்டையை முன்பே வெட்டி வைத்துவிடுங்கள், குழந்தைகளின் கத்தரிக்கோல் அதை நசுக்கத்தான் செய்யும். மடிக்க வேண்டிய இடத்தில் மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டால் அவர்களே மடித்துக்கொள்வார்கள்.

பெற்றோர் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள்: டேப் கிழிப்பது, துளை போடுவது, நேரம் பார்த்துச் சொல்வது. தன் குழந்தை இருக்கும் மேசைக்கு அனுப்பாமல் வேறு மேசைக்கு அனுப்புங்கள். எப்படிச் செய்வது என்று காட்ட வேண்டியிருந்தால் தனித் துண்டு அட்டையில் காட்டட்டும். அந்தத் துண்டைக் காட்டி முடித்ததும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.