மார்க்கைப் பார்த்தீர்கள், மார்ஜினைப் பார்த்தீர்களா?

மாடல் எக்ஸாம் பேப்பர் கைக்கு வந்துவிட்டது என்று தபாலைப் பார்த்தாலே தெரிகிறது. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்), ஜர்னலிசம் இரண்டும் சேர்த்து இருபது இருபத்தைந்து கடிதங்கள். பாதிக்கு மேல் ஒரே புலம்பல், அதனால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எந்தப் பேப்பர், எந்த செமஸ்டர் என்று எழுதாதவர்களுக்கு இந்த முறையும் பதில் இல்லை. எத்தனை தடவை சொல்வது?

"75-க்கு 31. பேப்பர் முழுக்க டிக்தான், ஒரே இடத்தில் 'மேலோட்டம்' என்று எழுதியிருக்கிறது. இதை வைத்து என்ன செய்வது?" (தண்டையார்பேட்டை, இரண்டாம் ஆண்டு விஸ்காம்)

31 என்பது பாஸ்தான், மயிரிழையில். வந்த 31-ஐ விட்டுவிட்டுப் போன 44-ஐப் பாருங்கள். மூன்று கலர் பேனா எடுங்கள். தெரியாமல் போன மார்க்குக்கு ஒரு கலர், தெரிந்தும் நேரமில்லாமல் விட்டதற்கு ஒரு கலர், எழுதியும் கேட்டதை எழுதாததற்கு ஒரு கலர். முப்பது வருடம் திருத்தியவன் சொல்கிறேன், மூன்றாவது கலர்தான் பேப்பரில் அதிகம் இருக்கும். 'ஒப்பிடுக' என்று கேட்டால் இரண்டையும் தனித்தனியாக விளக்கிவிட்டு வந்துவிடுவார்கள். 'மதிப்பிடுக' என்று கேட்டால் பாராட்டிவிட்டு வருவார்கள். பேனாவைத் திறக்கும் முன் கேள்வியை இரண்டு முறை படியுங்கள்.

அப்புறம் ஆசிரியரிடம் போங்கள். முழுப் பேப்பரையும் நீட்டாமல் ஒரே ஒரு பதிலைக் காட்டுங்கள். "ஏன் சார் குறைச்சீங்க" என்று ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும். "பத்துக்கு நாலு கொடுத்திருக்கீங்க, ஏழு வாங்க இதில் என்ன சேர்த்திருக்கணும்?" என்று கேளுங்கள். 'மேலோட்டம்' என்பதற்கு அர்த்தம் அப்போதுதான் தெரியும்.

"ஆண்டுகளை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?" (பழைய வண்ணாரப்பேட்டை)

பதினைந்து போதும். 1878-இல் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்குக் கடிவாளம் போட்ட வெர்னாகுலர் பிரஸ் ஆக்ட், அதே ஆண்டு தி இந்து, 1882 சுதேசமித்திரன், 1938 சென்னை வானொலி நிலையம், 1942 தினத்தந்தி, 1975 சென்னைத் தொலைக்காட்சி. இந்த மாதிரி. தப்பான ஆண்டை எழுதுவதைவிட எழுதாமல் விடுவது மேல்.

"ஷானன்–வீவர் தகவல்தொடர்பு மாடல் படத்தைச் சரியாகத்தான் போட்டேன். ஃபீட்பேக் அம்புக்குறி மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு 2 மார்க் குறைத்துவிட்டார்கள். என்ன தப்பு?" (வியாசர்பாடி)

உங்கள் ஆசிரியர் கவனமாகத் திருத்துகிறவர், அவருக்கு ஒரு கும்பிடு. 1948-இல் ஷானன் எழுதிய கட்டுரையிலோ, அடுத்த ஆண்டு வீவருடன் சேர்ந்து வந்த புத்தகத்திலோ அந்தத் திரும்பி வரும் அம்பு கிடையாது. தகவல் மூலம், டிரான்ஸ்மிட்டர், சிக்னல், ரிசீவர், சேருமிடம், நடுவில் இரைச்சல். அவ்வளவுதான், ஒருவழிப் பாதை. ஷானன் தொலைபேசிக் கம்பெனிக்காரர், கம்பியில் சிக்னல் கெடாமல் போகுமா என்பதுதான் அவர் கவலை. ஃபீட்பேக், அதாவது பெறுபவரின் பதில் அனுப்பியவருக்குத் திரும்பி வருவது என்ற யோசனை, கணித அறிஞர் நார்பர்ட் வீனரின் சைபர்நெட்டிக்ஸ் வழியாக வந்து, பின்னால் வந்தவர்கள் மாடலில் ஒட்டியது. நோட்ஸிலிருந்து நோட்ஸுக்கு நகல் எடுக்கிறபோது யாரோ ஒரு புண்ணியவான் அம்பை வரைந்துவிட்டார், அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

'இந்த மாடலில் ஃபீட்பேக் இல்லை, அதுவே இதன் மேல் உள்ள முக்கிய விமர்சனம்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போன 2 மார்க் திரும்பியிருக்கும்.

"நேரம் போதவில்லை. கடைசி பத்து மார்க் கேள்விக்கு நான்கு வரிதான் எழுதினேன்." (மூலக்கடை, மூன்றாம் ஆண்டு)

பேப்பரின் நகலை அனுப்பியதற்கு நன்றி அம்மா, இப்படித்தான் அனுப்ப வேண்டும். 'கேட்கீப்பிங்' (எந்தச் செய்தி வெளியே போகலாம் என்று வடிகட்டுவது) என்ற இரண்டு மார்க் கேள்விக்கு ஒன்றேகால் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நன்றாகவே இருக்கிறது, அதைப் பற்றி எழுதிய அறிஞர்கள் கர்ட் லெவின் முதல் ஒயிட் வரை எல்லாம் இருக்கிறது. ஆனால் அதற்கு 2-க்கு மேல் யாரும் போட முடியாது. உங்கள் வினாத்தாள்படி மூன்று மணி நேரத்தில் பத்து இரண்டு மார்க் கேள்விகளுக்கு 35 நிமிடம், ஐந்து ஐந்து மார்க்குக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, மூன்று பத்து மார்க்குக்கு 70 நிமிடம். மிச்சப் பத்து நிமிடம் கேள்வி நம்பரைச் சரிபார்க்க. நன்றாகத் தெரிந்த பத்து மார்க் ஒன்றை முதலிலேயே எழுதிவிடுங்கள். கை வலிக்கும் முன் எழுதியது எப்போதும் நன்றாக இருக்கும்.

"ரெப்ரசென்டேஷன் கேள்விக்கு ஆறு பக்கம் எழுதினேன். 'சொந்த உதாரணம் எங்கே?' என்று எழுதி 4 மார்க் போட்டிருக்கிறார். நல்ல உதாரணங்கள் உள்ள கைடு எது?" (காசிமேடு, மூன்றாம் ஆண்டு)

ஊர்ப் பெயரை இன்னொரு முறை படித்தேன். காசிமேடுதான். தம்பி, இதற்குக் கைடு கேட்கிறீர்களே, நியாயமா?

திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும். கட்டுக்கு நாற்பது பேப்பர் என்றால் முப்பத்தைந்தில் அதே வெளிநாட்டு சோப்பு விளம்பரம். எழுதியவர்கள் யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு வருடம் ஏதோ ஒரு கைடில் அறிஞர் பெயரைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள். அந்தத் தப்பு அத்தனை பேப்பரிலும் எழுத்துப் பிசகாமல் வந்தது. பதினைந்தாவது பேப்பருக்கு மேல் மனசு வெறுத்துவிடும். மார்க் எப்படி வரும்?

தமிழ்நாட்டில் அதிகம் 'காட்டப்பட்ட' வட்டாரங்களில் ஒன்றில் நீங்கள் குடியிருக்கிறீர்கள். புளியந்தோப்பிலோ கொடுங்கையூரிலோ ஒரு கொலை நடந்தால் தலைப்பில் 'வடசென்னையில்' என்று வருகிறது. அடையாறில் நடந்தால் அடையாறு என்றுதான் வரும். 'தென்சென்னையில் பயங்கரம்' என்று நான் பார்த்த ஞாபகம் இல்லை, தென்சென்னை தேர்தல் சமயத்தில் மட்டும் தலைப்புக்கு வருகிறது. சினிமாவிலோ கேரம் போர்டு, பாக்ஸிங், கானா, பின்னால் துறைமுகக் கிரேன், கையில் கத்தி. இதில் பாதி நம் தெருவில் உள்ளதுதான், பொய்யில்லை. ஆனால் விடியற்காலையில் ஐஸ் பெட்டியோடு ஏலத்துக்கு நிற்கும் பெண்கள், நூலகத்தில் குரூப் 4-க்குப் படிக்கும் கூட்டம், மணலிக்கு ஷிஃப்ட் போகிறவர்கள் ஏன் கேமரா ஃபிரேமுக்குள் வருவதில்லை? எது காட்டப்படுகிறது என்பதோடு எது விடுபடுகிறது என்பதையும் கேட்பதுதான் ரெப்ரசென்டேஷன் கேள்வி.

பார்ப்பவர் ஒரு படத்தை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதற்கு ஊடக ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-இல் சொன்ன மூன்று வாசிப்பும் உங்கள் வீட்டுக் கூடத்திலேயே கிடைக்கும். அந்த மாதிரிப் படம் ஓடும்போது அண்ணன் விசில் அடிக்கிறாரா? அது ஆதிக்க வாசிப்பு. "சண்டை இருக்கத்தான் செய்யும், அதுக்காக இவ்ளோவா?" என்று அம்மா சொன்னால் சமரச வாசிப்பு. இன்டர்வியூவில் ஊர்ப் பெயர் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறியதைப் பார்த்த அக்கா டிவியை அணைத்தால் அது எதிர்ப்பு வாசிப்பு. இதை எந்தக் கைடு போடும்?

செமியாட்டிக்ஸ் (குறியியல்) பேப்பருக்கும் இதே கதைதான். 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் ஆட்கள் பிளாஸ்டிக் வாளியில் அள்ளிய படங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. முழங்கை வரை ஏறிய கறுப்பு, குறியியல் அறிஞர் பியர்ஸ் சொல்லும் 'இன்டெக்ஸ்'. கசிவு நடந்ததற்கான தடயமே படத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாளி முதலில் வெறும் வாளிதான், கூடவே 'வேறு கருவி இல்லை' என்ற பொருளும் அதில் ஏறிவிடுகிறது. ஜல்லிக்கட்டுப் போராட்டம் மெரினாவில் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அந்தச் செய்தி வெள்ளத்தில் கடற்கரை எண்ணெய்க்கு எத்தனை பத்தி கிடைத்தது என்று எடுத்துப் பார்த்தால் அஜெண்டா செட்டிங் (எது முக்கியம் என்பதை ஊடகம் எப்படி முன்னிறுத்துகிறது) கேள்விக்கும் ஆயிற்று. இதழியல் வரலாற்றுப் பேப்பரா? திரு.வி.க. 1917-இல் தேசபக்தன் நாளிதழின் ஆசிரியரானார். அடுத்த ஆண்டே பெரம்பூர்ப் பக்கம் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து எழுந்த மெட்ராஸ் லேபர் யூனியனில் முன்னால் நின்றார். பத்திரிகையும் தொழிற்சங்கமும் எப்படிப் பின்னிக்கொண்டன என்று எழுத, அந்தத் தெருவில் நடந்து பழகிய பிள்ளையைவிடத் தகுந்தவர் யார்?

ஒரே எச்சரிக்கை. சொந்த உதாரணம் என்றதும் சொந்தக் கதையை இரண்டு பக்கம் எழுதாதீர்கள். என்ன, எங்கே, எந்த ஆண்டு என்று மூன்று வரி. அது கோட்பாட்டின் எந்த இடத்தைத் தொடுகிறது என்று நான்கு வரி. ஆறு பக்கம் யாரும் கேட்கவில்லை.

"பையன் நன்றாக எழுதினேன் என்றான், 22 மார்க் வந்திருக்கிறது. ஹால் டிக்கெட் தருவார்களா?" (ஒரு தந்தை, ராயபுரம்)

ஐயா, ஹால் டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் வருகைப் பதிவும் கட்டணமும்தான் முக்கியம். 75 சதவீத வருகை இருக்கிறதா என்று துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பையனைத் திட்ட வேண்டாம். 'நன்றாக எழுதினேன்' என்று அவன் நம்பியிருந்தால் கேள்வி கேட்டது வேறு, அவன் எழுதியது வேறு என்று பொருள். மேலே தண்டையார்பேட்டைப் பிள்ளைக்குச் சொன்ன மூன்று கலர் வேலையை அவனோடு உட்கார்ந்து நீங்களே செய்யலாம். பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

"மீடியா லா பேப்பரில் 'பழைய சட்டம்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார். நான் படித்த நோட்ஸ் சீனியர் கொடுத்தது." (கொருக்குப்பேட்டை)

சீனியர் பாஸ் ஆன வருடம் எது? 1867-ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டம் போய், 2023-இல் வந்த புதுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அவதூறுக்கு ஐபிசி 499, 500 என்று எழுதுவதும் அப்படித்தான், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய ஐடி சட்டத்தின் 66ஏ-வை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது, இன்னும் அதை நடப்பில் உள்ளது போல எழுதுகிறார்கள். பழையதை வரலாறாகக் குறிப்பிட்டுப் புதியதை எழுதுங்கள்.

பேச்சுரிமை தரும் அரசியல் சட்டப் பிரிவு 19(1)(அ)-வுக்கு வழக்கு கேட்டால் ரொமேஷ் தாப்பர் வழக்கை எழுதலாம். அவர் பத்திரிகைக்குத் தடை போட்டது நம் மெட்ராஸ் அரசு, 1950-இல் நீதிமன்றம் தடையை நீக்கியது, அடுத்த ஆண்டே முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. மூன்று வரியில் முடியும்.

"விளம்பரப் பகுப்பாய்வில் 'இது வர்ணனை' என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" (திருவொற்றியூர்)

தெருமுனையில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பாருங்கள். 'நடுவில் இறந்தவர் படம், மேலே கட்சிக் கொடி, கீழே பத்து நண்பர்கள் படம்' என்றால் வர்ணனை. 'இரங்கல் சொல்பவர்களின் படம் வரிசைப்படி சின்னதாகிக்கொண்டே போகிறது, துக்கத்தோடு தெருவில் யார் பெரியவர் என்பதையும் போஸ்டர் சொல்கிறது' என்றால் பகுப்பாய்வு. 'இருக்கிறது' என்று முடியும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'அதனால் என்ன?' என்று பென்சிலில் எழுதிப் பதில் சொல்லிப் பாருங்கள்.

"யுஜிசி நெட் மாஸ் கம்யூனிகேஷனைத் தமிழில் எழுதலாமா? நெகட்டிவ் மார்க் உண்டா?" (எம்.கே.பி. நகர்)

ஆங்கிலம், இந்தி மட்டும். நெகட்டிவ் இல்லை. இரண்டு தாளும் சேர்த்து 150 கேள்வி, 300 மார்க், மூன்று மணி நேரம். ஒன்றையும் விடாமல் குறியுங்கள்.

"என் பதிலை சாட்ஜிபிடியில் போட்டுத் திருத்தி வாங்கிப் படிக்கலாமா?" (பெரம்பூர்)

படிக்கலாம். தேர்வு அறைக்கு அது வராது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசிரியர் சிவப்பில் எழுதிய ஒரு வரிக்கு நீங்களே ஒரு பத்தி எழுதிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வழி.

"சார் மீடியா எக்ஸாம் டிப்ஸ் சீக்கிரம் அனுப்பவும்." (ஊர் இல்லை, பெயர் இல்லை)

எந்தப் பேப்பர்?

"62 மார்க். ஒரு குறைகூட எழுதவில்லை. இதே மாதிரி எழுதினால் போதுமா?" (எண்ணூர், இரண்டாம் ஆண்டு)

நல்ல மார்க், சந்தோஷம். ஆனால் குறிப்பு இல்லை என்றால் குறை இல்லை என்று அர்த்தமில்லை. கட்டின் கடைசியில் உங்கள் பேப்பர் இருந்திருக்கலாம். பத்து மார்க்குக்கு 8 வந்த பதிலை மட்டும் எடுத்துத் துறைக்கு வெளியே இருக்கும் ஒரு தோழியிடம் கொடுங்கள், காமர்ஸ் படிக்கிறவர் என்றால் ரொம்ப நல்லது. எங்கே நிறுத்தி "புரியலையே" என்கிறாரோ அங்கே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடு போட்ட அந்தப் பக்கத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள், பேப்பர் பெயரோடு.